கந்தக நெடியும் கழுத்துச் சங்கிலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்கப்பல், மரபணு, பேய், தேவாலயம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டும் எக்ஸ்-மென் போன்ற காமிக்ஸ் கதைகள் பிள்ளைகளின் புத்தியைக் குழப்பிவிடும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் செட்டிநாட்டுப் பக்கம் வந்ததில்லை போலும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு முகப்பில் கஜலட்சுமி. அவளுக்கு இரு புறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள், சுதையில். அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் யாரும் சிப்பாயைக் கும்பிட்டதில்லை.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் முலாம் பூசும் தொட்டிகளோடு மாரடித்து ஓய்வு பெற்றவன் நான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட இடம் அது. கோயில் திருப்பணிக்குக் கொடுத்துக் கொடுத்தே பழகிய கைகள்தான் அதற்கும் கொடுத்தன. தை பிறந்தால் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, குன்றக்குடியிலிருந்து காவடிகளுக்குப் பின்னால் பழனிக்கு நடப்பேன். வோல்ட்மீட்டரும் வேலும் ஒரே ஆளிடமா என்று உடன் வேலை பார்த்தவர்கள் சீண்டுவார்கள். சீண்டியவர்களில் இருவர் அடுத்த வருடம் என்னோடு நடந்தார்கள் என்பது வேறு கதை.

எக்ஸ்-மென் எனக்குப் பினாங்கிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. மரபணு மாறிப் பிறந்து விசித்திர சக்தி பெற்ற ஒரு கூட்டத்தைப் பற்றி ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் என்பதெல்லாம் அப்போது தெரியாது. என்னைப் பிடித்து இழுத்தவன் 1975இல் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த நைட்கிராலர். நீலத் தோல், கூர்வால், கைக்கு மூன்றே விரல். பார்த்தால் கோயில் தேரில் செதுக்கிய பூதம். ஆனால் ஜெர்மனியில் சர்க்கஸில் வளர்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கன். ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவான். போன இடத்தில் கந்தக நெடி அடிக்கும். வேறொரு பரிமாணத்தின் வழியாகப் போய்வருவதால் அந்த நெடி என்று கதையில் காரணமும் உண்டு. ஆயுளில் பாதியை அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் கழித்தவனுக்கு அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது மூக்கு அரிக்கும்.

சிலுவைக்கு அஞ்சும் ரத்தக் காட்டேரி டிராகுலாவோடு இந்தக் கூட்டம் மோதும் 1982ஆம் வருடக் கதையைக் கட்டுரையாளர் புரட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். சென்னையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது பட்டாலையில் குப்புறப் படுத்து அதைப் படித்தாள். கூட்டத்தில் ஒருவனான வுல்வரின் தன் கையிலிருந்து நீளும் கத்தி போன்ற நகங்களைக் குறுக்கே வைத்துச் சிலுவை காட்டுகிறான். டிராகுலா அசையவில்லை. கூட்டத்துச் சிறுமி கிட்டி பிரைட் சிலுவையை நீட்டுகிறாள். அதற்கும் அசையவில்லை. நைட்கிராலர் காட்டும்போது மட்டும் பின்வாங்குகிறான். கிட்டியின் கழுத்தைப் பிடித்தபோதோ, அங்கே சங்கிலியில் தொங்கும் யூத நட்சத்திரம் அவன் கையைச் சுட்டுவிடுகிறது. அவள் யூதப் பெண். எல்லாம் சிலுவைதானே, ஐயா, ஏன் ஒருவனுக்குப் பலிக்கிறது, ஒருவனுக்குப் பலிக்கவில்லை என்று பேத்தி கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவளே மறு பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வுல்வரினுக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் என்றாள். குழம்பிய பிள்ளை பேசும் பேச்சா இது? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் அப்பத்தா முதலில் பாராசிட்டமால் கொடுத்தாள், பிறகுதான் திருநீறு பூசினாள். அந்த வரிசையும் பேத்திக்குத் தெரியும்.

அதே வருடம் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய இன்னொரு கதையில் ஸ்ட்ரைக்கர் என்ற மதபோதகர் வருகிறார். விகாரமாகப் பிறந்தது என்று தன் சிசுவையே கொன்றவர். பெருங்கூட்டத்தின் முன் நைட்கிராலரை நோக்கி விரல் நீட்டி, இதையா மனிதன் என்கிறாய் என்று கேட்கிறார். உம்மைவிட அவன் மனிதன் என்று பதில் சொல்பவள் அதே யூதச் சிறுமி. வேதத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், பக்தியோடு இருப்பவன் வேறொருவன் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியாது.

குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. 2003 வாக்கில் வந்த கதைகளில் நைட்கிராலரின் தகப்பன் அசாசெல் என்று ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பழைய வேதத்துச் சாத்தான் எல்லாம் உண்மையில் மரபணு மாறிய ஆட்களாம்! எண்ணெய்ப் பிசுக்குப் போகாத இரும்பில் நிக்கல் முலாம் போட்டால் கொப்பளித்து உரியும். இதுவும் உரிந்தது, 2023இல் அவன் தகப்பனே இல்லை என்று வேறு கதை எழுதிவிட்டார்கள். கட்டுரையாளர் இதைக் கண்டித்திருந்தால் நானும் கூடக் கையெழுத்துப் போட்டிருப்பேன். சாமியையும் விஞ்ஞானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது ஒன்று. சாமியை விஞ்ஞானம் என்று சொல்லி ஏமாற்றுவது இன்னொன்று.

இன்னொரு திருத்தம். நைட்கிராலரைக் 'குரங்கு மனிதன்' என்று அச்சிட்டிருந்தீர்கள். வால் இருந்தால் குரங்கா?

டிராகுலா இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, உள்ளே பூச்சி அரிக்கவில்லை. கட்டுரையாளர் காரைக்குடி வந்தால் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துப் போகத்தான் தர மாட்டேன். பள்ளி விடுமுறையில் வராமல் இருப்பது நல்லது, பேத்தி விடமாட்டாள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி