ஒரு வெள்ளைக்கருவுக்கான அளவு

தம்பி,

வியாழக்கிழமை காலையில் போனை எடுத்ததும் நீ அனுப்பிய ஒரு வரிதான் கண்ணில் பட்டது. "தேங்காய் மக்ரூனுக்கு என்ன அளவும்மா? ஒரு ஆளுக்குப் போதும்." நீ அனுப்பியபோது அங்கே இரவு 2.40. உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. மூன்று வாரமாக இப்படித்தான் இருக்கிறது. சரி, அம்மாவிடம் ஏதோ கேட்கத் தோன்றியதே, அந்த மட்டில் சந்தோஷம். போனில் சொன்னாலும் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. பகலில் படி, இரவில் தூங்கு.

நம் வீட்டு அளவு நாலு வெள்ளைக்கருவுக்கு. பச்சை டப்பா நிறைய 24 வரும். அதை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். அரை முட்டை உடைக்க முடியாது, ஆகவே ஒரு வெள்ளைக்கருதான் கடைசி. பெரிய முட்டை என்றால் அதன் வெள்ளை 30 கிராம் இருக்கும். அதற்கு உலர்ந்த தேங்காய்த்தூள் 50 கிராம், சர்க்கரை 35 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா எசன்ஸ் கால் டீஸ்பூன். மாவு எதுவும் வேண்டாம். சின்னதாக ஆறு வரும். சரியாக வருகிறதா என்று நேற்று நானே செய்து பார்த்தேன். ஆறு மக்ரூனுக்காக நான் ஓவனைப் போட்டது இதுதான் முதல் தடவை. அவ்வளவு பெரிய தட்டில் ஒரு மூலையில் ஆறும் இருந்தன. அப்பா வந்து பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். அவன் ஒரு ஆளுக்குக் கேட்டிருக்கிறான் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. செய்முறையைச் சொல்கிறேன், கேள்.

முட்டையைக் குளிர்ந்திருக்கும்போதே பிரித்துவிடு. அப்போதுதான் மஞ்சள்கரு உடையாமல் நிற்கும். துளி மஞ்சள் விழுந்துவிட்டாலும் பதறாதே. நுரை வர அடித்துச் செய்கிறவர்களுக்குத்தான் அது பெரிய தொல்லை, ஏனென்றால் மஞ்சள்கருவில் இருக்கும் கொழுப்பு நுரையை எழும்ப விடாது. நாம் அடிப்பதில்லை, சூடு காட்டிக் கிளறுகிறோம். ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதன் மேல் கிண்ணத்தை வை. கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு மூன்றையும் அதில் போட்டுக் கை எடுக்காமல் கிளறு. ஒரு வெள்ளைக்கருதான் என்பதால் சீக்கிரம் சூடேறிவிடும். அந்த நேரம் பார்த்துப் போனை எடுத்துக்கொண்டு போகாதே, முட்டை வெந்து திரிந்துவிடும். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தால் சர்க்கரை நறநறவென்று இருக்கக்கூடாது. அதுதான் பதம். கரையாத சர்க்கரை ஓவனுக்குள் உருகி, அடியில் பாகாக வழிந்துவிடும்.

கிண்ணத்தை இறக்கிவிட்டுத் தேங்காயும் எசன்ஸும் சேர்த்துக் கலந்து, அரை மணி நேரம் அப்படியே விடு. இந்த அரை மணி நேரத்தைத்தான் நீ எப்போதும் விட்டுவிடுவாய். தேங்காய்த்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள அந்த நேரம் வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை கையில் உதிரும், தட்டில் படர்ந்துவிடும். இன்னொன்று, சர்க்கரையைக் குறைக்காதே. குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்வாய், தெரியும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் சேர்ப்பதில்லை, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். குறைத்தால் நடுவில் மரத்தூள் மாதிரி வறண்டு போகும். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

ஓவன் 170 டிகிரி. விசிறி ஓடுகிற ஓவனாக இருந்தால் 150 போதும். தட்டில் பட்டர் பேப்பர் போடு, ஆனால் ஓவனுக்கு என்று போட்டிருக்கும் பேப்பராகப் பார்த்து வாங்கு. மெழுகு தடவிய பேப்பர் சூட்டில் உருகிப் புகையும். கலவையை ஆறு சின்ன உருண்டையாகப் பேப்பர் மேல் வை. அடி சீக்கிரம் சிவக்கும், அதனால் இரண்டு தட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஓவனின் நடு அடுக்கில் வை. 15 நிமிடம் கழித்துப் பார். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளும் ஓரமும் பொன்னிறமாக இருக்க வேண்டும், நடு வெள்ளையாகவே இருக்கலாம். என் ஓவனில் 18 நிமிடம் ஆனது. எடுத்தவுடன் பேப்பரிலிருந்து பிய்க்காதே. சூட்டில் வேகவில்லை என்றுதான் தோன்றும், ஆறினால்தான் கெட்டிப்படும். முழுக்க ஆறுகிற வரைக்கும் டப்பாவில் போட்டு மூடாதே, உள்ளே ஆவி நின்று மேல் மொறுமொறுப்பு போய்விடும். சூடாக எடுக்காதே, இதைத் திரும்பவும் சொல்கிறேன். எப்போதும் சூட்டிலேயே எடுத்து நாக்கைச் சுட்டுக்கொள்வாய்.

நாலைந்து நாள் வெளியிலேயே இருக்கும். நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆற விடு, பழையபடி ஆகிவிடும். மீந்த மஞ்சள்கருவைக் கொட்டிவிடாதே. காலையில் ஒரு முழு முட்டையோடு சேர்த்துப் பொரித்துக்கொள். காலையில் சாப்பிடுகிறாயா? போன மாதம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்றாய். உனக்குப் பின்னால் ஜன்னல் திண்டில் வரிசையாக இருந்த செடித்தொட்டிகளையும் காணவில்லை. இடம் மாற்றி வைத்திருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் எங்கே என்று கேட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அளவெல்லாம் உனக்குத் தெரியும், தம்பி. ஏழாம் வகுப்பில், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தராசில் நிறுத்து நீயாகவே செய்து வைத்திருந்தாய். ஒன்றுகூடப் படரவில்லை, ஒன்றுகூடக் கருகவில்லை. அடியில் மட்டும் லேசாக ஒட்டியிருந்தது, அதையும் கத்தியால் பக்குவமாக எடுத்துவிட்டாய். அந்த வயதில் அவ்வளவு பொறுமை எந்தப் பிள்ளைக்கு வரும்? வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அப்படி இருக்கும்போது என்னிடம் அளவு கேட்கிறாய். ஏன் கேட்டாய் என்றுதான் இந்த இரண்டு நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டியதை நேராகக் கேட்டிருக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லியும் இருக்கலாம். உன் அம்மாவிடம் உனக்கு என்ன தயக்கம்?

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இதையெல்லாம் விவரமாக எழுதத்தான் நினைத்தேன், மனம் அதில் போகவில்லை.

உலர்ந்த தூள் கிடைக்காவிட்டால் பச்சைத் தேங்காயிலும் செய்யலாம். ஆனால் துருவலை அப்படியே போடக்கூடாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வாணலியில் எண்ணெய் இல்லாமல், சிறு தீயில், நிறம் மாறாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 100 கிராம் போட்டால் 55, 60 கிராமாக வற்றும். கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிர வேண்டும். ஆறிய பிறகுதான் முட்டையில் சேர்க்க வேண்டும். இப்படி வற்ற வைக்காமல் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அன்று நீயும் பார்த்தாய்.

அத்தை குடும்பம் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அவள் நம் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு நாலு நாள் முன்னால் என்னிடம் வந்து, "அத்தை, அவருக்குப் பிடித்த மக்ரூனை நான் செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நாலு வெள்ளைக்கரு, 140 கிராம் சர்க்கரை, 200 கிராம் தேங்காய். என்ன தேங்காய் என்று கேட்டாள். வீட்டில் இருக்கிற தேங்காயைத் துருவிக்கொள் என்றேன். வற்ற வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் அன்று உன்னிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, தம்பி. சொல்ல வாய் வந்தது, நிறுத்திக்கொண்டேன். உனக்குப் பிடித்தது என் கையால்தான் நன்றாக வர வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவள் இல்லை, ஒரு வேலைக்கு முகம் சுளித்தவள் இல்லை.

தட்டை வெளியே எடுத்தபோது எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, சுற்றிலும் பழுப்புப் பாகு வழிந்து கிடந்தது. நடுவில் வேகவே இல்லை. இன்னும் பத்து நிமிடம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று நான் அந்தத் தட்டை வாங்கி ஒரு மூடியால் மூடிவிட்டு, முதல் நாளே செய்து வைத்திருந்த பச்சை டப்பாவைத் திறந்தேன். எல்லாருக்கும் கொடுத்தேன். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது அத்தை என்றாள். முதல் நாளே ஏன் செய்து வைத்தேன் என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? யோசித்திருந்தால் அன்றே உனக்குப் புரிந்திருக்கும். ஒருவேளை புரிந்துதான் என்னிடம் கேட்காமல் இருந்தாயோ என்னவோ. அவளுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கப்புறம் நம் அடுப்படியில் அவள் ஓவனைத் தொடவே இல்லை.

ஒரு தடவை அவள்தான் சொன்னாள், கலர் கலராக நடுவில் கிரீம் வைத்து வருகிற மக்ரோனும் நாம் செய்கிற மக்ரூனும் வேறு வேறு என்று. இரண்டு பெயரும் ஒரே இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தவையாம், ஆதியில் இரண்டும் பாதாமில் செய்ததாம், தேங்காய் பிற்பாடு வந்து சேர்ந்ததாம். எனக்குத் தெரியாததை இவள் எனக்குச் சொல்வதா என்று காதில் வாங்காத மாதிரி எழுந்து போய்விட்டேன். பிறகு படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சரி என்று அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

ஒரு தட்டு மக்ரூனால் ஒரு குடும்பம் கெடுமா என்று நீ கேட்கலாம். அந்த ஒரு தட்டோடு நான் நிற்கவில்லை. நீங்கள் தனி வீடு பார்த்துப் போன பிறகும், உன்னிடம் போனில் பேசும்போது, அவள் அதைச் சரியாகச் செய்கிறாளா, இதைப் பார்த்துக்கொள்கிறாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ அவளை விட்டுக்கொடுக்காமல் பேசினால் எனக்கு முகம் மாறும். அது உனக்குத் தெரிந்து, நீயும் பேச்சை நிறுத்திக்கொண்டாய். பக்கத்தில் உட்கார்ந்து அவள் எவ்வளவு கேட்டிருப்பாளோ.

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல். இங்கே வர வேண்டும் என்று தோன்றினாலும் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. தூங்கு. காலையில் ஏதாவது சாப்பிடு.

நீ கேட்கவில்லைதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இரண்டு பேருக்கு என்றால் வெள்ளைக்கரு இரண்டு, அதாவது 60 கிராம், உலர்ந்த தேங்காய்த்தூள் 100, சர்க்கரை 70. பன்னிரண்டு வரும். அதே சூடு, அதே நேரம்.

அந்த நோட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாளோ என்னவோ. துருவலை வற்ற வைக்க வேண்டும் என்கிற வரியை நானே அவளுக்கு எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். நீ சொல்ல வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும். என்னிடம் அவளுடைய பழைய எண்தான் இருக்கிறது. அதே எண்தானா என்று மட்டும் ஒரு வரி போடு.

அம்மா