தேர்வு மையத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடு வாழ் தமிழ்ப் பெற்றோர் தங்கள் பதின்பருவப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டிலேயே படிக்க வைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிள்ளை தன் வேகத்தில், தன் ஆர்வத்தின் வழியில் கற்பதன் நன்மைகளைக் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். இங்கிலாந்தில் 14 வயது மகளை வீட்டில் படிக்க வைக்கும் தாய் என்ற முறையில் அவற்றை நானும் மனமார ஏற்கிறேன். ஆயினும், அந்தப் பிள்ளை எந்தத் தேர்வை எங்கே போய் எழுதும் என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு அது அவசரமான கேள்வி அன்று. பதின்பருவத்திலோ மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வியைப் பள்ளிக்கு அனுப்பியோ வேறு வழியிலோ அளிக்கும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கிறது. சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை விலக்கிக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போதும். சிறப்புப் பள்ளியானால் உள்ளாட்சி நிர்வாகத்தின் இசைவு வேண்டும். தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. இதே நடைமுறைதான் ஐரோப்பா முழுவதும் என்று எண்ணிக்கொண்டு, லண்டனிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கோ மூனிக்குக்கோ பணி மாறிச் செல்லும் நம்மவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும். அங்கே வீட்டுக்கல்வியை விடாப்பிடியாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை 2013இல் அதிகாரிகள் சில வாரங்கள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தனர். அதில் மனித உரிமை மீறல் இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஸ்வீடனும் 2010ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்துக்குப் பிறகு, மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே இதற்கு அனுமதி தருகிறது.

சட்டம் இடங்கொடுக்கும் நாட்டிலும் தேர்வுதான் பெரும் சிக்கல். இங்கே வீட்டில் படிக்கும் பிள்ளை தனித்தேர்வராகவே எழுத முடியும். தனித்தேர்வர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி எந்தப் பள்ளியையும் கட்டாயப்படுத்த இயலாது. கட்டணம் முழுவதும் பெற்றோரின் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள மையம் தனித்தேர்வர்களை ஏற்பதில்லை. மே, ஜூன் மாதத் தேர்வுகளுக்குப் பிப்ரவரி வாக்கிலேயே பதிவு முடிந்துவிடும் என்பதையும், அதற்குப் பின் தாமதக் கட்டணம் சேரும் என்பதையும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அறிந்திருக்கத் தேவையில்லை. நாங்கள் அறிந்தே ஆக வேண்டும். எழுத்துக்குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டுமானால் அதற்கான மதிப்பீட்டையும் விண்ணப்பத்தையும் தேர்வு மையத்தின் வழியாகவே செய்ய வேண்டியிருப்பதால், கடைசி நேரத்தில் மையம் தேடுபவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடைக்காமலே போகலாம்.

அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகம் ஏது என்று கேட்பார்கள். வீட்டில் படிப்போரில் பலர், இங்கே பதினாறு வயதுவாக்கில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ.க்குப் பதிலாக அதன் பன்னாட்டு வடிவமான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தும் கேம்பிரிட்ஜ் வாரியம் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக ஓர் எழுத்துத்தாளை வைத்திருக்கிறது. சோதனை முறைகளை நன்கு புரிந்துகொண்ட மாணவர் ஆய்வகத்துக்குள் போகாமலே அதை எழுதலாம். எழுதலாம் என்பதற்காக ஆய்வகமே வேண்டாம் என்று விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அமிலமும் காரமும் நடுநிலையாவதைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு வேதியியல் வெறும் மனப்பாடமாகிவிடும். வார இறுதிகளில் தமிழ் வகுப்பு நடத்தும் நம் சங்கங்கள், ஓர் ஆய்வகத்தை மாதம் ஒருமுறை வாடகைக்கு எடுத்தால் பல குடும்பங்கள் பயன்பெறும்.

ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும், ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கும், பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தால் மருத்துவக் கனவு முடிந்தது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அத்தகைய மாணவர்கள் நீட் எழுதுவதைத் தடுத்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளிகளில் படித்தவர்களும் நீட் எழுதலாம் என்பது 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியாகிவிட்டது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் அதிகம் வாழும் நாடுகள் ஒவ்வொன்றிலும் வீட்டுக்கல்வியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, தனித்தேர்வர்கள் எந்தத் தேர்வுகளை எழுதலாம், பதிவுக்குரிய மாதங்கள் எவை என்பவற்றை, அனுபவமுள்ள பெற்றோரையும் கல்வி வழக்கறிஞர்களையும் கேட்டுத் தொடராக வெளியிடுங்கள். பிள்ளைக்கு 13 வயதாகும்போதே பெற்றோர் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை.

இப்படிக்கு,
ஈஸ்ட்ஹாம் வாசகி ஒருவர்,
லண்டன்.