முகாம் படிவத்தில் இல்லாத கேள்வி

அன்புடையீர், வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இதை எழுதுகிறேன். கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இங்கு வந்து 16 வருடம் ஆகிறது.

போன வருடம் எங்கள் விடுதி அறையில் இருந்த ஒரு தம்பியை அப்படியொரு முகாமுக்கு நான்தான் கூட்டிப் போனேன். வயது 27. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை போட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் வலது விதையில் கட்டி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. படிவத்தில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. பெயர் எழுதும் மேசையில் இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டிருந்தாலும் அங்கே அவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

குளிக்கும்போது சோப்புக் கையில் தட்டுப்பட்டதாம். கொண்டைக்கடலை அளவு, கல் மாதிரி கெட்டி. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தான், வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தான். இரண்டு பயம் வேறு: கண்ட இடத்துக்குப் போய் வந்தவன் என்று அறையில் பேசுவார்கள், கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். “வலிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேண்ணே” என்று பிறகு சொன்னான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல். விதையில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் தொடங்குகிறது. வருவதும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம், அதாவது நம் விடுதிகளில் நிறைந்திருக்கும் வயது. சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். புற்றுநோய்களில் இப்படிக் கைக்கு அடங்குவது அபூர்வம். அதை வெட்கத்துக்கு விட்டுக்கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எல்லாக் கட்டியும் அது இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஓதம் என்றால் தெரியும்: விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. டார்ச் அடித்தால் வெளிச்சம் சிவப்பாக ஊடுருவும். இடது பக்கம் புழுக்கூட்டம் போல நெளிந்து கிடப்பது ரத்தக் குழாய்ப் புடைப்பு. மேலிருந்து இறங்கி, இருமினால் பெருப்பது குடலிறக்கம். விதைக்குப் பின்னால் மெத்தென்று தட்டுப்படும் கயிறு எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் இளவயதில் நீர் கோத்தால் அதற்குப் பின்னால் கட்டி மறைந்திருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், டார்ச்சை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆண்குறியில் வலிக்காத புண் வந்து தானாக ஆறிவிட்டால் அதுவும் நல்ல செய்தி இல்லை. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் அப்படித்தான், 3 முதல் 6 வாரத்தில் மறைந்துவிடும். கிருமி உள்ளேயே இருக்கும். பென்சிலின் ஊசிக்குக் கட்டுப்படும் நோய் அது. கெலந்தான் லேனில் இருக்கும் டிஎஸ்சி கிளினிக் பால்வினை நோய்களுக்கென்றே உள்ள இடம், தேக்காவிலிருந்து பக்கம்தான். திடீரென்று விதையில் கடும் வலி வந்தால் மட்டும் நாள் கணக்கு பார்க்கவே கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரிக்காவிட்டால் விதையே போய்விடக்கூடும். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அந்தத் தம்பி எட்டாவது மாதம்தான் என்னிடம் சொன்னான். மருத்துவமனையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அப்புறம் தொடை இடுக்குப் பக்கம் சின்னதாக வெட்டி விதையை எடுத்தார்கள். நல்லவேளை, பரவவில்லை. ஒரு விதை போதும், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்று டாக்டர் சொன்னதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் மூன்று முறை சொன்னான். செலவைப் பற்றியும் பயந்தான். முதலாளி எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் வரம்பு 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: “விதையில் கட்டி, வீக்கம், கனம் உண்டா?” ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போதும். சுற்றி வளைத்து ‘அந்தரங்கப் பகுதி’ என்று எழுதாதீர்கள், எதைக் கேட்கிறார்கள் என்றே பாதிப் பேருக்குப் புரியாது. கதவு உள்ள ஓர் அறையில் தமிழ் பேசும் ஆண் மருத்துவரையோ தாதியரையோ உட்கார வையுங்கள். வெந்நீரில் குளித்த பிறகு, மாதம் ஒரு முறை, இரண்டு கையாலும் மெதுவாக உருட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆம் என்று குறித்தவனுக்கு, அடுத்து எந்த கிளினிக்குக்குப் போவது என்று கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அந்த அறை வாசலில் நின்று தம்பிகளை உள்ளே அனுப்ப ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஞாயிறு எனக்கு விடுப்புதான். அவனும் வருகிறேன் என்றிருக்கிறான்.

இப்படிக்கு,
கட்டுமானத் தளச் சூப்பர்வைசர் ஒருவர்,
சிங்கப்பூர்