ஸ்டெப்னி மாற்றும் முன்: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து நீ தனியாகவே சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் கார் ஓட்டிப் போய்வரப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ நன்றாக ஓட்டுவாய், அதில் எனக்குக் கவலை இல்லை. வழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வாய் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது நிறுத்தி உதவுவார்கள் என்பாய். உதவுவார்கள்தான். ஆனாலும் அந்த வேலை உனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம், பின்னால் வேகமாக வரும் வண்டிகள்தான். அதனால் பஞ்சர் என்று தெரிந்ததும் பிரேக்கை அழுத்தி அங்கேயே நின்றுவிடாதே. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு. வேகம் தானாகக் குறையட்டும். ஹஸார்டு லைட்டைப் போட்டுவிட்டு மெதுவாக இடது ஓரத்துக்கு வா. வளைவிலும் பாலத்தின் மேலும் நிற்காதே. நல்ல இடம் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது என்றால் அதுவரை ஊர்ந்துகொண்டே போ. டயர் கிழிந்தால் கிழியட்டும், வேறு டயர் வாங்கிக்கொள்ளலாம். வண்டியில் யார் இருந்தாலும் இடது பக்கமாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்.

பஞ்சரானது வலது பக்க டயர் என்றால் நீ உட்கார வேண்டியது லாரி போகும் பக்கம். ஓரத்தில் போதிய இடம் இல்லையென்றால், இருட்டாகவோ மழையாகவோ இருந்தால், மாற்றவே வேண்டாம். 1033க்கு போன் போடு. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது, கட்டணம் கிடையாது.

சரி, இடம் நன்றாக இருக்கிறது. முக்கோண ரிஃப்ளெக்டரைப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வை. நம் ஊரில் கல்லையும் மரக்கிளையும் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போகிறார்கள். இரவில் பைக்கில் வருகிறவன் கதி என்ன ஆகும்? அதை மட்டும் நீ செய்யாதே.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஃபர்ஸ்ட் கியரிலும் வை. அது மட்டும் போதாது. உன் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், கியர் முன் சக்கரங்களை. முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அது சும்மா சுழலும், கியரின் பிடி போய்விடும். பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கின் பிடி பாதிதான். அதனால் எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை.

நட்டுகளை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். உனக்குக் கைபலம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஸ்பேனரின் பிடி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டி, காரைப் பிடித்துக்கொண்டு காலால் மிதி. உடம்பு எடையே போதும், 'கிறீச்' என்று விட்டுக்கொடுக்கும். துப்பட்டாவை முதலிலேயே இறுக்கிக் கட்டிக்கொள்.

கதவுக்குக் கீழே, விளிம்பில் சின்னதாக இரண்டு வெட்டு இருக்கும். ஜாக்கியின் தலை அவற்றுக்கு நடுவில் உட்கார வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும், அடியில் ஒரு பலகைத் துண்டு வை. வண்டியைத் தூக்கியதும் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடு. ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளி ஸ்டெப்னியை எடு. கையோ தலையோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் திருகு. அப்புறம் எதிரெதிராக இறுக்கு. அடியில் கிடக்கும் சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியை இறக்கியபின் திரும்பவும் அதே வரிசையில் முழு பலத்தோடு இறுக்கு. ஐம்பது கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை பார்.

ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னதாக இருந்தால் 80க்கு மேல் ஓட்டாதே. பஞ்சர் கடையைப் பார்த்ததும் பழைய டயரைச் சரிசெய்து மாட்டிக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வீட்டுக்கு வா. வாசலிலேயே ஒரு சக்கரத்தை நீயே கழற்றி மாட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வருவதற்குள் பெட்ரோல் பங்கில் ஸ்டெப்னிக்கும் காற்றைப் பார்த்துவிடு. அலாய் வீலில் லாக் நட்டு (சக்கரத் திருட்டைத் தடுக்கும் நட்டு) இருந்தால், அதைக் கழற்றும் சாவி டிக்கியில் இருக்கிறதா என்றும் தேடி வை.

அன்புடன்,
மாமா