ஐந்தாம் ஆண்டுச் செலவை முதலில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வன்னியில் நன்கொடை நிதியில் கட்டப்படும் குடிநீர் நிலையங்கள், முன்பள்ளிகள், பொதுநோக்கு மண்டபங்களின் திறப்புவிழாப் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. இவற்றில் சில மூன்றாம் ஆண்டே பூட்டப்பட்டு, வாசலில் புல் முளைத்துப் போகின்றன. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருக்கும் கிராமச் சங்கங்களுக்கும், ஊருக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளுக்கும் உதவும் என்று நம்பி, குடிநீர்த் திட்டத்தை உதாரணமாக வைத்து இதை எழுதுகிறோம். கட்டும் செலவுக்கு முன், ஐந்தாம் ஆண்டில் அதை ஓட்டும் செலவை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் செய்தி.

கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைக் கண்டவுடன் "ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும்" என்று விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடுகிறோம். மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வின் ஊடாக நீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கும் இயந்திரம் அது. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மழை முடிந்த தை மாதத்தில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை என இரண்டு தடவை பரிசோதிக்க வேண்டும். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இன்படி ஒரு லீற்றரில் புளோரைட்டு 1 மி.கி., வன்மை (சுண்ணாம்புத் தன்மை) 250 மி.கி., மொத்தக் கரைதிண்மம் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, ரி.டி.எஸ்.) 500 மி.கி. என்பவைதான் எல்லை. இவற்றைத் தாண்டினால் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம். கிருமி மட்டும்தான் குறை என்றால், கிணற்றுக் கட்டை உயர்த்திக் கட்டி, சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டு, பக்கத்து மலசலகூடக் குழியைக் கவனித்து, குளோரின் இட்டாலே போதும். இலட்சக்கணக்கான ரூபா மிஞ்சும். இயந்திரம் வைத்தால் விவசாயக் கிராமங்களில் காணப்படும் சிறுநீரக நோய் நின்றுவிடும் என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அந்த நோயின் காரணம் மருத்துவ உலகுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

அடுத்தது கிணறு. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் அடியில் கிடக்கும்போதுதான் கிணற்றின் உண்மையான வலு தெரியும். மார்கழியில் நிறைந்து கிடக்கும் கிணற்றைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் அடுத்த ஆவணியில் பவுசர் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார்கள். சோதிக்கும் முறை எளிது. 12 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி நீர் ஏறினால் ஏறத்தாழ 3,200 லீற்றர். மோட்டரால் இறைத்துவிட்டு, எத்தனை மணித்தியாலத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து எழுதுங்கள். 120 குடும்பங்களுக்கு நாளுக்கு 20 லீற்றர் வீதம் 2,400 லீற்றர் வேண்டும். ஆனால் சிறிய ஆர்.ஓ. இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் ஏறக்குறையப் பாதியைக் கழிவாக வெளியே தள்ளும். ஆகவே கிணறு நாளுக்கு 4,800 லீற்றர், அதாவது ஒன்றரை அடி, ஊற வேண்டும். அதே கிணற்றில் குளிப்பவர்களின் பங்கையும் இதோடு கூட்டுங்கள். கழிவு நீர் எங்கே போகும் என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும். அதில் உப்பு செறிந்திருக்கும். மலசலகூடத்துக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். கிணற்றடியிலேயே விட்டால் திரும்ப அதே கிணற்றுக்குள்தான் இறங்கும்.

இனிச் செலவுக் கணக்கு. நன்கொடையாளர் இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் தருவார், மாதச் செலவுக்குத் தரமாட்டார். விலைகள் மாறக்கூடியவை என்பதால் பின்வரும் தொகைகளைக் கணக்குப் போடும் முறைக்காக மட்டும் பாருங்கள். இயந்திரத்தை ஓட்டும் இயக்குநரின் கொடுப்பனவு 30,000, மின்கட்டணம் 15,000, பில்டரும் படிவு தடுக்கும் மருந்தும் 10,000, மெம்பிரேன் மாற்றவும் மோட்டர் திருத்தவும் சேமிப்பு 10,000. மொத்தம் மாதம் 65,000 ரூபா. லீற்றர் 2 ரூபா என்றால் 32,500 லீற்றர் விற்க வேண்டும். 20 லீற்றர் கானில் அது 1,625 கான். மாதம் 26 நாள் திறந்தால் நாளுக்கு 63 கான். கார்த்திகை, மார்கழியில் கிணறு நிறைந்து தண்ணீரின் சவர் குறைந்ததும் விற்பனை இறங்கிவிடும். அந்த இரண்டு மாதக் குறைவைச் சித்திரை முதல் புரட்டாதி வரையான வருமானம் தாங்குமா என்று மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள். 50 குடும்பமுள்ள குடியேற்றத்தில் இந்தக் கணக்கு நிற்காது.

அப்படிப்பட்ட இடத்துக்கு மழைநீர்த் தாங்கி பொருத்தம். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டின் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சேதாரம் போக 40,000 லீற்றர் வரை பிடிக்கலாம். இங்கே ஆண்டுக்கு அதற்கு மேலேயே பெய்கிறது. 5,000 லீற்றர் தாங்கி ஒன்று, நாளுக்கு 20 லீற்றர் வீதம் 250 நாளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போதும். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம். இதற்கு இயக்குநரும் வேண்டாம், மின்மானியும் வேண்டாம். திறப்புவிழாவுக்கு எடுப்பாக இல்லை என்பதால் இதைத் தள்ளிவிடுவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆர்.ஓ. தான் என்று முடிவானால், அதைக் கொல்லும் பொருள் குளோரின் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவார்கள். அது தேவையானதும் கூட. ஆனால் அந்தத் தண்ணீர் கார்பன் பில்டரின் தாங்குசக்தியை மீறிப் போய் மெம்பிரேனைத் தொட்டால், அதன் மெல்லிய படலம் சிதைந்துவிடும். பிறகு இயந்திரம் வழமைபோல ஓடும், தண்ணீரும் வரும், உப்பு மட்டும் கழியாது. குளோரின் இட்ட கிணற்றை இறைத்து, மணம் அற்றுப்போன பின்னரே இயந்திரத்தைப் போட வேண்டும். இந்தச் செய்தியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லி வையுங்கள்.

இயக்குநர் நாள்தோறும் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நிறுத்துமுன் சில நிமிடம் மெம்பிரேனைக் கழுவிவிடுவது, உள்ளே போகும் நீரினதும் வெளியே வரும் நீரினதும் ரி.டி.எஸ். அளவைக் கொப்பியில் எழுதுவது. வழமையாக 30 காட்டும் தண்ணீர் சில வாரமாக 60, 80 என்று ஏறினால் மெம்பிரேன் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐந்து மைக்ரோன் பில்டர் மண்ணிறமாகிவிட்டால், "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று விடக் கூடாது. இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்கள், அதில் ஒருவர் ஊரிலேயே இருக்கக்கூடிய பெண்ணாக இருக்கட்டும். ஒரேயொரு இளைஞனைப் பழக்கினால், அவன் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நாளில் திட்டமும் நின்றுவிடும். பொறுப்பை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான், சேமிப்புக் கணக்கு எழுதிப் பழகியவர்களும் அவர்கள்தான்.

மெம்பிரேனை முன்கூட்டி வாங்கி வைப்பதும் தவறு. பொதி பிரிக்காமலே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் தரம் குறையக்கூடும். அந்தப் பணத்தைச் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பில் போட்டு, மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்று விதி வையுங்கள். இந்த வைப்புக்கு நன்கொடையாளரிடமே ஒரு பங்கு கேளுங்கள். பலர் மறுப்பார்கள், கேட்டால் தருபவர்களும் உண்டு. வரவுசெலவில் விலையேற்றத்துக்கு இடம் விடவும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. ரூபாவில் உடன்படிக்கை எழுதிய சில திட்டங்கள் அத்திவாரத்தோடு நின்றன.

காணி விடயத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். இங்கே பெரும்பாலானவை பேர்மிற் காணிகள், அதாவது அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கப்பட்ட அரச காணிகள். ஒருவரின் பேர்மிற் காணியில் பொதுக்கிணறு வெட்டினால், பிள்ளைகள் காலத்தில் வேலி போட்டு அடைக்கப்படும். குள ஒதுக்கிலும் வனத் திணைக்கள எல்லைக்குள்ளும் கட்டினால் வேலை பாதியில் நிறுத்தப்படும். கிராம அலுவலரின் வாய்ச்சொல் போதாது. பிரதேச செயலகத்தின் எழுத்து மூல அனுமதி கையில் வந்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். மின்மானியும் தலைவரின் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது, சங்கத்தின் பெயரில்தான் எடுக்க வேண்டும்.

நன்கொடையாளருக்கு ஒரு வேண்டுகோள். பணத்தை ஆவணியில் தந்து மார்கழிக்குள் செலவழிக்கச் சொல்லாதீர்கள். அது காலபோக விதைப்பும் அடைமழையும் சேர்ந்து வரும் காலம். கூட்டத்துக்கு ஆள் வராது, மண் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கைக்குள் புதையும், கொங்கிறீற்று மழையில் கரையும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் பணம் வந்தால், நீர் இறங்கும் மாதங்களில் கிணறு வெட்டி மழைக்கு முன் முடிக்கலாம்.

புலம்பெயர் உறவுகள் அநேகமாக ஆடி, ஆவணி விடுமுறையில்தான் ஊருக்கு வருகிறீர்கள். நீங்கள் உதவிய நிலையத்துக்குப் போய் மூன்று பொருட்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ரி.டி.எஸ். கொப்பி, கடைசி மூன்று மாத மின்கட்டணப் பட்டியல், வைப்புப் புத்தகம். கொப்பியில் நேற்றைய திகதி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிராமியக் குடிநீர்ப் பணியாளர்கள் சிலர்,
மாங்குளம்.