30 ஆம்பியர் சார்ஜருக்கு 6 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டது நீங்கள், பழி எங்கள் மேலா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், கோயம்புத்தூர் கிளை.

பொருள்: கேம்பர் வேன் லித்தியம் கிட், வண்டி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறாதது, மூன்று முறை தீர்க்காமலே மூடப்பட்ட புகார் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதே விஷயத்துக்காக நான் எழுதுவது இது நான்காவது முறை. முதல் மூன்று தடவையும் இரண்டு நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. ஆள் வரவில்லை, போன் வரவில்லை, எதை வைத்துத் தீர்ந்தது என்று எழுதினீர்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உங்கள் கிட்டை ஒரு வரியில் நினைவூட்டுகிறேன். 200 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி, வண்டி ஓடும்போது வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து அதை ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், கூரையில் 165 வாட் சோலார் பேனல் இரண்டு, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எம்பிபிடி. ஆகஸ்டில் வாங்கினோம், மாட்டும் கூலியோடு சேர்த்து 1,12,400 ரூபாய். கரூரில் பாடி கட்டிய எங்கள் வேனில் உங்கள் கம்பெனி ஆள்தான் வந்து மாட்டிக் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் பேட்டரி பிரிவு சார்ஜர் பிரிவைக் கேட்கச் சொல்கிறது, சார்ஜர் பிரிவு பாடி கட்டியவரைக் கேட்கச் சொல்கிறது, அவரோ அந்த வயரை நான் தொடவே இல்லையம்மா என்கிறார். அவர் சொல்வது உண்மை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நாங்கள் வாரக் கடைசியில் சுற்றுலா போகிறவர்கள் இல்லை. ரிடையர் ஆனபிறகு ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் இந்த வேனில்தான் குடியிருக்கிறோம். இப்போது கொல்லிமலையில் தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்தில் நிற்கிறோம், அங்கே இபி லைன் கிடையாது. வெயில் இருந்தால் பேனல் ஒரு யூனிட்டுக்கு மேல் தரும், எங்கள் செலவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான்: ஃபிரிட்ஜ், ஒரு பிஎல்டிசி ஃபேன், லைட், தண்ணீர் மோட்டார், லேப்டாப். ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துவிட்டால் பேனலில் கால் யூனிட் வந்தாலே அதிகம். அந்த நாட்களுக்காகத்தான் டிசி-டிசி சார்ஜர் வாங்கினோம். நாலு மணி நேரம் வண்டி ஓட்டினால் 120 ஏஎச் ஏறிவிடும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார்.

நவம்பர் 12ஆம் தேதி சேலம் போய்விட்டு வந்தோம். முழுதாக நாலு மணி நேரம் இன்ஜின் ஓடியது. ஏறியது 11 ஏஎச். உங்கள் மானிட்டரே காட்டிய கணக்கு, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சார்ஜரில் பச்சை லைட் ஐந்து வினாடி எரியும், அணையும், முக்கால் நிமிடம் சும்மா இருக்கும், மறுபடி எரியும். அது எந்த நிலை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும்.

இன்ஜின் ஓடும்போது வண்டியின் சொந்த பேட்டரி, அதாவது முன்பக்க பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தேன், 13.9 வோல்ட். சார்ஜர் வேலை செய்கிற அந்த ஐந்து வினாடியில் அதன் இன்புட்டில் வைத்தேன், 12.6. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போனது? சீட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்னாலிருந்து பின்னால் வரை ஆறு மீட்டருக்கு 6 ஸ்கொயர் எம்எம் வயர், அந்த தூரத்துக்கு ரொம்ப மெல்லியது. அந்த வயரின் மின்தடை மீட்டருக்கு சுமார் 3 மில்லி ஓம், போக வர 12 மீட்டர், 30 ஆம்பியர் வெளியே தர சார்ஜர் உள்ளே இழுக்கும் சுமார் 35 ஆம்பியர் அதில் ஓடினால் 1.3 வோல்ட் விழத்தான் செய்யும். மீட்டர் காட்டியதும் கணக்கும் ஒன்றுதான். இன்புட் 12.8க்குக் கீழே போனதும் சார்ஜர் இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. லோடு போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்ப ஆரம்பிக்கிறது. நாள் முழுக்க இதே கதை. உங்கள் மேனுவலில் 14ஆம் பக்கத்தில் ஆறு மீட்டர் தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்களே, உங்கள் ஆளுக்கு அதைப் படிக்கக் கொடுக்கவில்லையா?

இதையெல்லாம் 14ஆம் தேதி உங்கள் கஸ்டமர் கேருக்குச் சொல்லத்தான் போன் செய்தேன். தோட்டத்தில் சிக்னல் இல்லை, ஒன்றரை கிலோமீட்டர் மேட்டில் ஏறிப் போய், தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, 11 நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் எடுத்தார். நான் இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். "மேடம், இது டெக்னிக்கல் விஷயம், பக்கத்துல சார் இருந்தா அவர்கிட்ட குடுங்க" என்றார்.

ஐயா, நான் 27 வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள். ஓம் விதியை எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார், அருமையாகச் சமைப்பார், கரண்ட் விஷயம் எல்லாம் என் பொறுப்பு. அப்படியே சொன்னேன், ரீடிங்கையும் சொன்னேன். "கூகுள்ல பாத்துட்டு சொல்லாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். அந்த மேட்டில் நின்ற அஞ்சு நிமிடம் என் வாழ்க்கையில் மறக்காது. உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று நீங்களே முதலில் சொல்கிறீர்கள் அல்லவா, 14ஆம் தேதி மதியம் 3 மணிக்கு மேல் வந்ததை எடுத்துக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஐந்து நாளும் மேகமூட்டம். 20ஆம் தேதி விடியற்காலை பேட்டரி மொத்தமாக அணைந்துவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட், அந்த பிஎம்எஸ், கட் ஆஃப் செய்திருக்கிறது, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு வெயில் வந்தும் எம்பிபிடியில் லைட் எரியவில்லை, பேட்டரி பக்கம் வோல்டேஜே தெரியாததால் அது ஆரம்பிக்க மறுக்கிறது. திரும்பவும் மேட்டுக்கு ஏறி போன். இந்த முறை வேறொருவர், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "பேட்டரி டெட் மேடம், சனிக்கிழமை 10 மணிக்கு கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு வண்டியோட வந்துடுங்க" என்றார்.

போனோம். காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல், ஈரோடு, பெருந்துறை தாண்டி, 22ஆம் தேதி பத்து மணிக்குக் கால் மணி நேரம் முன்பே உங்கள் கேட்டில் நின்றோம். வாட்ச்மேன் பெரியவர் பாவம், ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "ஸ்டாக் எடுக்கிறாங்கம்மா, இன்னைக்கு சர்வீஸ் கிடையாது, யார் வரச் சொன்னது?" என்று கேட்டார். மூன்று மணி வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் வண்டி நின்றது. உள்ளேயிருந்து ஒருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரமெல்லாம் ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவருடைய இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. இரண்டிலிருந்து எட்டு டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து, கதவடைத்த வேனுக்குள் வெந்துபோனது. மெடிக்கல் ஷாப்பில் காட்டியதும் இனி இதைப் போடவே கூடாது என்றார்கள். ஐந்து கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போனது. அன்று ராத்திரி கோவையில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடியது யார்? நீங்களா?

மறுநாள் திரும்பி மேலே ஏறினபோது செம்மேட்டில் ஒரு லாரி மெக்கானிக்கிடம் கேட்டேன். ஜம்பர் கேபிளை எடுத்து வண்டி பேட்டரியிலிருந்து உங்கள் லித்தியம் பேட்டரிக்கு ஒரு நிமிடம் இணைத்தார். பிஎம்எஸ் விழித்துக்கொண்டது, எம்பிபிடி லைட் வந்தது, பேட்டரி உயிரோடுதான் இருந்தது. டீக்காசு கூட வாங்க மாட்டேன் என்றார். இந்த ஒரு நிமிட வேலையை போனில் சொல்லியிருந்தால் அந்த 400 கிலோமீட்டர் கிடையாது, மருந்தும் போயிருக்காது. உங்கள் பொருள் தூங்கினால் எப்படி எழுப்புவது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இதைச் சொன்னதற்குத்தான் "வெளி ஆள் தொட்டுவிட்டார், வாரண்டி கிடையாது" என்று வாட்ஸப்பில் பதில் போட்டிருக்கிறீர்கள். அதோடு ஒரு ஆலோசனை வேறு: மானிட்டரில் 13.1 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது, உங்கள் உபயோகம்தான் அதிகம் என்று. லித்தியம் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்கும் வரையிலும் வோல்டேஜ் பெரிதாக அசையாது. போட்டோவில் 13.1ஐப் பார்த்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதுவும் கூகுளில் பார்த்தது என்பீர்களோ என்னவோ.

இன்னொன்று, இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்கிறது. அந்த 6 ஸ்கொயர் எம்எம் வயருக்கு உங்கள் ஆள் போட்டிருப்பது 60 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் முன்பக்கம் மட்டும், பேட்டரி பக்கம் ஒன்றுமில்லை. வயரைக் கையால் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. ஃபியூஸ் போவதற்கு முன்னாலேயே வயரின் மேலுறை உருகலாம். வயர் போகிற பலகைக்கு மேலே எங்கள் மெத்தை, இரண்டடி தள்ளி கேஸ் சிலிண்டர். டிசி-டிசியை இப்போது நானே கழற்றி வைத்திருக்கிறேன்.

கிட், டீசல், மருந்து, கோவையில் தங்கியது, மூன்று மாதமாகப் போன நிம்மதி எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது என் நஷ்டம். ஆனாலும் உங்களிடம் சண்டை போட எனக்கு ஆசை இல்லை. பொருள் நல்ல பொருள், மாட்டிய விதமும் பேசிய விதமும்தான் தப்பு. தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள்: உங்கள் செலவில், நாங்கள் இருக்கிற இடத்துக்கு வந்து 16 ஸ்கொயர் எம்எம் வயர், இரண்டு முனையிலும் சரியான ஃபியூஸ், வாரண்டி தொடர்கிறது என்று எழுத்தில் ஒரு கடிதம், 22ஆம் தேதி அலைச்சலுக்கும் மருந்துக்கும் 18,000 ரூபாய், 14ஆம் தேதி பேசியவரிடமிருந்து மன்னிப்பு, அதுவும் எழுத்தில்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்வேன், அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருள் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பில், மீட்டர் ரீடிங் போட்டோ, உங்கள் மூன்று எஸ்எம்எஸ், மேனுவல் 14ஆம் பக்கம் எல்லாம் ஒரு ஃபைலில் தயாராக இருக்கிறது.

வருகிற தேதியை வாட்ஸப்பில் போடுங்கள், தினமும் காலை 8 மணிக்கு மேட்டில் ஏறிப் பார்ப்பேன். வருகிறவர் 14 மீட்டர் வயரும், 16 ஸ்கொயர் எம்எம்முக்குச் சரியான, வயர் முனையில் மாட்டுகிற லக்கும், அதை அழுத்துகிற கிரிம்பிங் டூலும் கையோடு கொண்டு வரட்டும், செம்மேட்டில் கிடைக்காது. அவர் என்னிடம்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள வாடிக்கையாளர்