திரைப்படக் கழகத்தின் ஆண்டறிக்கை: தப்பிப் பிழைத்தவர்களின் ஐந்து படங்கள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் வேட்டையிலிருந்து தப்பிய யூதர்களைப் பற்றிய ஐந்து படங்களை இவ்வாண்டு தமிழ்த் துணையுரையுடன் (சப்டைட்டில்) திரையிட்டோம். ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் (1993), தி பியானிஸ்ட் (2002), டிஃபையன்ஸ் (2008), இன் டார்க்னெஸ் (2011), கிழக்கு ஜெர்மனியும் பல்கேரியாவும் சேர்ந்து தயாரித்த ஸ்டெர்ன (1959). வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். செலவில் பெரும்பங்கு திரையிடல் உரிமைக்குப் போயிற்று என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். டிவிடியும் ஓடிடி சந்தாவும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். நுழைவு இலவசமானாலும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றாலும், கூடத்தில் திரையிட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். ஒரே படத்துக்கு நாட்டுக்கு நாடு உரிமையாளர் வேறாக இருப்பார். இந்திய உரிமை யாரிடம் என்று தேடவே வாரங்கள் ஆகும். தேதியை அறிவித்துவிட்டு அனுமதி கேட்பதை இனி அடியோடு விட்டுவிடலாம்.

படத் தேர்வு

இத்தகைய படங்கள் ஏராளம். தேர்வுக்குழு ஒரே கேள்வியை வைத்துச் சலித்தது: எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் படம் காட்டுகிறதா? ரொட்டி எங்கிருந்து வந்தது, தண்ணீரை யார் சுமந்தார்கள், கையிருப்புப் பணம் தீர்ந்த பிறகு என்ன நடந்தது? கண்ணீரை வரவழைப்பது எந்த இயக்குநருக்கும் கைவந்த வேலை. இந்தக் கணக்கைக் காட்டுவதுதான் கடினம்.

அந்த வகையில் இன் டார்க்னெஸ் முதலிடம். இடம் ல்வூஃப், அன்று போலந்து, இன்று உக்ரைனின் லிவிவ். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்த ஊர். 1943 ஜூனில், யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதியான கெட்டோவை ஜெர்மானியர் துடைத்தெடுத்தபோது சிலர் தரையைக் குடைந்து பாதாளச் சாக்கடைக்குள் இறங்கினார்கள். சாக்கடைத் தொழிலாளியும் பழைய திருடனுமான லியோபோல்ட் சோஹா அவர்களைக் கண்டுபிடிக்கிறார். நாளுக்கு 500 ஸ்வோத்தி கூலி பேசி ரொட்டி கொண்டுவருகிறார். குடிநீருக்கு, முழங்காலிட்டும் போக முடியாத குறுகிய குழாய்களில் ஊர்ந்துபோய்க் கெண்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. யூதர்களின் பாஸ்காப் பண்டிகையில் புளித்த மாவில் செய்த ரொட்டி ஆகாது என்பதால் அப்போது உருளைக்கிழங்கு வந்தது. மேலே மழை பிடித்தால் கீழே வெள்ளம் கழுத்தளவுக்கு ஏறும். பணம் தீர்ந்தது, சோஹா வருவதை நிறுத்தவில்லை. 14 மாதங்கள் கழித்து, 1944 ஜூலையில் சோவியத் செஞ்சேனை நகரைப் பிடித்ததும் மூடியைத் திறந்துகொண்டு மேலே வந்தவர்கள் 10 பேர். சோஹா 1946இல் சோவியத் இராணுவ லாரி மோதி இறந்தார். இயக்குநர் அக்னீஷ்கா ஹாலண்ட் அவரைப் புனிதராக்கவில்லை. கூலியை எண்ணி வாங்கும் கையையும் பிறகு அதே கை மாறுவதையும் பொறுமையாகக் காட்டுகிறார்.

டிஃபையன்ஸ் எவ்வளவு உண்மை என்று கலந்துரையாடலில் எழுந்த விவாதம் நியாயமானது. இன்றைய பெலாரஸின் நலிபோக்கிக் காட்டில் பியல்ஸ்கி சகோதரர்கள் நடத்திய முகாமிலிருந்து 1944 கோடையில் வெளியே வந்தவர்கள் 1,200க்கும் மேல். பெரும்பாலோர் துப்பாக்கி தூக்காத பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். சண்டை போடத் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கமான காட்டுப்படை இல்லை அது; யார் வந்தாலும் சேர்ப்பது தூவியா பியல்ஸ்கியின் கொள்கை. அங்கே தோல் பதனிடும் தொட்டி, செருப்புப் பட்டறை, கொல்லன் உலை, ரொட்டி அடுப்பு, குளியலறை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சோவியத் காட்டுப்படைகளுக்குப் பூட்ஸ் தைத்தும் துப்பாக்கி பழுது பார்த்தும் கொடுத்ததால், "சும்மா தின்னும் கூட்டம்" என்று அவர்கள் இந்த முகாமைக் கலைக்க முடியவில்லை. அதாவது உயிரைக் காத்ததில் தோல் தொட்டிக்கும் பங்குண்டு. படமோ இதையெல்லாம் ஓரிரு காட்சிகளில் கடந்துவிட்டு, முடிவில் டாங்கியோடு ஒரு சண்டையை வைக்கிறது. அப்படியொரு சண்டை நடக்கவில்லை. சதுப்பைக் கடந்தது மட்டும் உண்மை. 1943 கோடையில் ஜெர்மானியர் காட்டைச் சல்லடை போட்டபோது அப்படித்தான் தப்பினார்கள். உறுப்பினர்களுக்குத் தந்த ஒற்றைத் தாள் குறிப்பில் இதைப் படத்துக்கு முன்பே அச்சிட்டிருக்க வேண்டும். பின்னால் சொன்னதால் படமே பொய் என்ற எண்ணத்தோடு சிலர் எழுந்து போனார்கள். அது குறிப்பைத் தயாரித்த செயலாளரின் தவறு.

ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்டை அறியாதார் இல்லை. படத்தில் ஷிண்ட்லரின் கணக்கராக வரும் ஸ்டெர்ன், இட்ஸாக் ஸ்டெர்ன், மீட்டெக் பெம்பர், ஆபிரகாம் பாங்கியர் என்னும் மூவரைச் சேர்த்துச் செய்த பாத்திரம் என்பதைக் குறிப்புத்தாளில் சேர்த்தோம்.

ஸ்டெர்ன படத்துக்குத்தான் கூட்டம் குறைவு, எனக்கு வருத்தம். கொன்ராட் வோல்ஃப் இயக்கி 1959 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம். பல்கேரியச் சிற்றூர் ஒன்றின் வழியாகக் கிரேக்க யூதர்கள் ரயிலேற்றப்படுகிறார்கள். பல்கேரியா தன் யூதர்கள் சுமார் 48,000 பேரைக் காத்த நாடு என்று பெருமையாகச் சொல்லப்படும். 1943 மார்ச்சில் நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமித்தர் பெஷெவும் 42 உறுப்பினர்களும் கையெழுத்திட்ட கடிதம், திருச்சபை ஆயர்களின் எதிர்ப்பு எல்லாம் உண்மை. அதே மார்ச்சில் அதே அரசு, தான் பிடித்துவைத்திருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து 11,343 பேரைப் பிடித்து ஜெர்மானியரிடம் ஒப்படைத்ததும் உண்மை. பிழைத்தவர்களின் தொடரில் பிழைக்காதவர்களின் படத்தை வைத்தது இதற்காகத்தான்.

துணையுரை

உறுப்பினர்கள் அதிகம் கேட்டது சொற்களைப் பற்றி. "கெட்டோ"வைச் "சேரி" என்று பெயர்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். வார்சா கெட்டோ 1940 நவம்பரில் அடைக்கப்பட்டது; 3 மீட்டர் உயரச் சுவருக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்; அனுமதியின்றி வெளியேறினால் மரண தண்டனை. சேரி என்ற சொல்லுக்கு நம்மிடம் வேறொரு வரலாறு உண்டு. ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றினால் இரண்டுமே மங்கும். "வதைமுகாம்" என்பதை ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்டில் வரும் ப்வாஷுஃப் போன்ற இடங்களுக்கு வைத்துக்கொண்டோம். த்ரெப்ளிங்காவுக்குக் "கொலைமுகாம்". அங்கே இறக்கப்பட்டவர்களில் ஆகப் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டார்கள். வதைக்கவும் வேலை வாங்கவும் அவகாசமே இல்லை. ஜெர்மானியர் வாயில் வரும் "அக்ஸியோன்" என்ற சொல் முதல் வரைவில் "ஆக்‌ஷன்" ஆகியிருந்தது. நம் ஊரில் அதைப் படித்தால் சண்டைக் காட்சிதான் நினைவுக்கு வரும். "சுற்றிவளைப்பு" என்று மாற்றினோம். ஈழத்தவருக்கு விளக்கம் தேவைப்படாத சொல்.

ஆங்கிலத் துணையுரை தொலைத்ததைத் தமிழ் மீட்ட இடமும் உண்டு. தி பியானிஸ்டில் இடிந்த வீட்டில் கந்தலோடு நிற்கும் பியானோக் கலைஞர் ஸ்பில்மானிடம் ஹோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மன் அதிகாரி பேசுவது மரியாதைப் பன்மையில். அதுவரை ஒரு சீருடையும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு நீயும் நீங்களும் இருக்க, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வரைவில் "நீ யார்?" என்றே இருந்தது. ஜெர்மன் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பிடித்துத் திருத்தினார். மூல ஒலியைக் கேட்காமல் துணையுரையை இறுதி செய்யக் கூடாது. அதே காட்சியில் படத்தில் ஒலிப்பது இசையமைப்பாளர் ஷோப்பனின் முதல் பல்லாட் என்ற பியானோ இசை; தாம் வாசித்ததாக ஸ்பில்மான் நினைவுக்குறிப்பில் எழுதியிருப்பது ஷோப்பனின் வேறொரு இசையான ஸி ஷார்ப் மைனர் நாக்டர்ன்.

தொழில்நுட்பத்தில் அடுத்த அணிக்குச் சில வார்த்தைகள். துணையுரை பிசகினால் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சோதியுங்கள். இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். முதல் வசனம் பொருந்திக் கடைசி பொருந்தாவிட்டால் பிரேம் வேகம் மாறியிருக்கிறது. விநாடிக்கு 24 பிரேமில் 150 நிமிடம் ஓடும் படம், 25 பிரேம் பிரதியில் 144 நிமிடத்தில் முடியும். நேரக்குறிகள் அனைத்தையும் 0.96ஆல் பெருக்க வேண்டும். 23.976க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு 3.6 விநாடிதான். ஆனால் 195 நிமிட ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்டில் கடைசியில் 11 விநாடிக்கு மேல் ஆகிவிடும்.

எழுத்து எண்ணிக்கையில் மென்பொருளை நம்ப வேண்டாம். "போலந்து" நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7. அது சிவப்புக் கோடு போடுகிறதே என்று வசனத்தை வெட்டிவிடாதீர்கள். இரண்டு வரி, வரிக்கு 25 எழுத்துக்குள், எவ்வளவு சிறிய வசனமும் ஒரு விநாடியாவது நிற்க வேண்டும் என்பது நாம் கடைப்பிடித்த அளவு. கோப்பை யுடிஎஃப்-8இல் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறி வரும். சில பிளேயர்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அங்கே துணையுரையைப் படத்தோடு பதித்துவிடுவதே வழி.

திரையும் இருட்டும்

இன் டார்க்னெஸ் அன்று முதல் அரை மணி நேரம் படம் சாம்பலாகத் தெரிந்தது. புரொஜெக்டரின் ஒளியைக் கூட்டச் சொன்னார்கள், அதனால் பயனில்லை. திரையரங்க அளவு சதுர அடிக்கு 16 லூமன் (ஒளியின் அலகு). நமது 12 அடி அகலத் திரை 81 சதுர அடி. சுமார் 1,300 லூமன் திரையில் விழுந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் 3,000 லூமன், புரொஜெக்டரின் சினிமா அமைப்பில் பாதியாகக் குறைந்தாலும் தாங்கும். குறை வெளிச்சத்தில் இல்லை, இருட்டில். மேல் சன்னல்களும் நடைவழிக் குழல்விளக்கும் கறுப்பைக் கெடுத்தன. கறுப்புத் துணியை இரட்டை மடிப்பாக அடித்த பிறகு சுவரில் வழியும் ஈரம்கூடத் தெரிந்தது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; ஒரு செல்போன் திரை அதைக் கெடுத்துவிடும். ஆகவே அந்த 145 நிமிடப் படத்துக்கு இடைவேளை விடவில்லை. தேநீர் கிடைக்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

மற்றப் படங்களுக்கு இடைவேளையை நேரத்தைப் பார்த்து விடாமல் காட்சியைப் பார்த்து விட்டோம். தி பியானிஸ்டில் ரயில் போன பின், பெட்டிகள் சிதறிய தெருவில் ஸ்பில்மான் அழுதபடி நடந்து முடித்ததும். ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்டில் கிராக்கூஃப் கெட்டோ சுற்றிவளைப்பு முடிந்த இரவுக் காட்சிக்குப் பின்.

வரும் ஆண்டு

டென்மார்க்கைப் பற்றிய ஒரு படத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. 1943 அக்டோபரில் சுமார் 7,200 யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மன் தூதரகத்தின் அதிகாரி டுக்விட்ஸ், யூதர்களைப் பிடிக்கப்போகும் செய்தியை முன்கூட்டியே கசியவிட்டார். படகுக்கூலி ஆரம்பத்தில் ஏழைகளுக்கு எட்டாத அளவு இருந்தது. பிறகு பணம் திரட்டப்பட்டது. கில்லெலய என்ற ஊரின் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்டார்கள். கூலியையும் பரணையும் மறைக்காத படம் எதுவென்று உறுப்பினர்கள் முன்மொழியலாம்.

துணையுரைக் குழுவுக்கு மெய்ப்பு பார்க்க இருவரும், போலிஷ் பெயர்களின் ஒலிப்பைச் சரிபார்க்க ஒருவரும் தேவை. கறுப்புத் துணி கூடத்தின் பின்னறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கொக்கிகளில் நான்கைக் காணவில்லை, எடுத்தவர்கள் திருப்பித் தரவும். இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்